கவ்வாத்துக் கத்தியும் கடல் சாமந்தியும்

என் தாத்தாவின் இடது கைச் சுட்டுவிரலுக்கு நகம் கிடையாது. மேல் கணுவோடு போய்விட்டது. கவ்வாத்துக் கத்தி கிளையை விட்டு வழுக்கி விரலில் இறங்கிய நாளைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தூறலில் பிடி நனைந்திருந்தது என்பார், அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளான எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் மொட்டையடித்த தேயிலைத் தூர்கள் எல்லாம் இரண்டு மாதத்தில் துளிர்க்கின்றன. லயத்துச் சுவரில் வாலைப் போட்டுவிட்டு ஓடிய பல்லிக்கும் வால் வந்துவிடுகிறது. தாத்தாவின் விரல் மட்டும் ஏன் வரவில்லை?

"அதுக்கு வேர் இல்லையே தம்பி" என்று சிரிப்பார்.

பகிடியாகத்தான் சொன்னார். அது எவ்வளவு சரியான பதில் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

ஹட்டனிலிருந்து நானுஓயாப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பச்சைக்கு நடுவே திடீரென்று ஒரு மலை மட்டும் எலும்பும் தோலுமாக நிற்கும். வெளியூர்க்காரர்கள் தீப்பிடித்ததோ, நோய் விழுந்ததோ என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை, கவ்வாத்து மலை. தமிழ்நாட்டில் 'கவாத்து' என்று ஒற்றை வகரத்தில் எழுதுவார்கள். அதே சொல்லுக்குச் சிப்பாய்களின் அணிவகுப்புப் பயிற்சி என்றும் பொருள் உண்டு. ஒரே உயரத்தில் வரிசை பிடித்து நிற்கும் தூர்களைப் பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றுதான் என்று தோன்றும்.

தேயிலை புதர் அல்ல, மரம். விட்டுவிட்டால் முப்பது அடிக்கு மேல் வளர்ந்து, பூத்து, காய்த்து, தன் பாட்டுக்கு நிற்கும். கொழுந்து பறிப்பதற்காக இடுப்பு மட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். பறிக்கப் பறிக்க மட்டம் ஏறும், கிளை நுனிகள் கோழிக்கால் போல முடிச்சு விழும், வளர மறுத்து உறங்கும் வங்கிக் கொழுந்து கூடும். அப்போது கத்தி வர வேண்டும். உயரம் கூடக் கூடக் குளிரில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் கவ்வாத்துச் சுற்றும் நீளும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு தடவை, கீழ்நாட்டில் அதைவிடச் சீக்கிரம்.

வெட்டிய அன்றே போய்க் குனிந்து ஒரு தூரைப் பாருங்கள். கிளை எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு நுனியும் சரிவான வழுவழுப்பான வெட்டு. ஈரம் காயாத வெள்ளை மரம், ஓரத்தில் நூல் பிடித்தாற்போல் பச்சைப்பட்டை. அதற்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கீழே ஒரு முண்டு. அது போன கவ்வாத்து. அதற்குக் கீழே இன்னொன்று, அது அதற்கு முந்தியது. ஒவ்வொரு முறையும் பழைய வெட்டுக்குச் சற்று மேலேதான் வெட்டுவார்கள், புது மரத்தில்தான் அரும்பு சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால். முண்டுகளை எண்ணிக்கொண்டே தரைக்கு வந்தால் எத்தனை துரைமார் மாறினார்கள் என்று கணக்குச் சொல்லிவிடலாம். பாசியும் மரப்பாசியும் மூடிய அடித்தண்டு, யானைக்கால் மாதிரி. இந்த உடம்பிலிருந்தா பிஞ்சு இலை வரப்போகிறது என்று சந்தேகம் வரும்.

வரும். வெட்டுக்குக் கீழே பட்டையில் கடுகளவு மேடுகள் தெரிகின்றனவே, அவை உறங்கும் அரும்புகள். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் முன்பு இருந்தவை, இலை உதிர்ந்த பிறகும் பட்டைக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவை. அவற்றைத் தூங்க வைத்திருந்தது கிளையின் நுனி. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற இயக்குநீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்வரை பக்க அரும்புகள் தலை தூக்காது. திமனும் ஸ்கூகும் 1933-ல் இதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். கத்தி விழுந்ததும் மேலிருந்து வரும் அந்தச் சுரப்பு நின்றுபோகிறது. கங்காணி இல்லாத மலையில் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது, எல்லா அரும்பும் ஒன்றாக எழுந்துகொள்ளும்.

எழுந்துகொள்ள விருப்பம் இருந்தால் போதாது, சாப்பாடு வேண்டும். இலை ஒன்றுகூட இல்லாத செடிக்கு வெயிலால் பயனில்லை. முதல் துளிர் விரிந்து தானே சம்பாதிக்கும் வரைக்கும் வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தைத்தான் அது தின்று பிழைக்கும். தோட்டத்தில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மலைக்குக் கத்தி போகுமுன் அங்குமிங்குமாகச் சில தூர்களைத் தோண்டி, பென்சில் கனத்தில் வேரை வெட்டி எடுத்து, வெட்டுமுகத்தில் அயடின் விடுவார்கள். கருநீலமாக மாறினால் இருப்பு இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே கிடந்தால் கத்தியை உறையில் போடு. கொழுந்து பறிப்பதை நிறுத்தி, சில வாரம் இலையை விட்டு, வேர் நிறையும்வரை பொறுக்க வேண்டும். 1925-ல் தொடங்கிப் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோட்டங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ரொம்பவும் எளிமையானது இது. ஒரு சிரட்டை அளவு மருந்தில் ஒரு மலையின் உயிர் தெரிந்துவிடும்.

மேல்நாட்டுக் குளிரில் வேர் நன்றாகச் சேமிக்கும், அதனால் முழு மொட்டையைத் தாங்கும். கீழ்நாட்டுச் செடிக்குச் சேமிப்பு குறைவு. அங்கே ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவிட்டு மற்றதை வெட்டுவார்கள். அந்தக் கிளைக்குத் தோட்டத்து ஆங்கிலத்தில் 'லங்ஸ்' என்று பெயர். செடி மூச்சு வாங்கட்டும் என்று விட்டது.

கடலடியில் ஒரு கவ்வாத்து

வெட்டினால் முளைக்கும் இன்னொன்றைப் பார்க்க இனிக் கடலுக்குப் போவோம். இலங்கையின் பவளப்பாறைகளில் கோமாளி மீன் ஒளிந்து விளையாடுமே, அந்தப் பூப்போன்ற பிராணிதான் கடல் சாமந்தி. பூ அல்ல, விலங்கு. பாறையில் ஒட்டிய பாதம், குழாய் போன்ற உடம்பு, மேலே ஒரே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் விரல்கள். மூளை கிடையாது, இதயம் கிடையாது. இதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் அடிப்பாதி புது வாயும் விரல்களும் முளைத்துக்கொள்கிறது. மேல்பாதி தனக்கு ஒரு புதுப் பாதம் செய்துகொள்கிறது.

ஆய்வகங்களில் அதிகம் வெட்டுப்பட்டது நெமட்டோஸ்டெல்லா என்ற சின்னஞ்சிறு வகை. வட அமெரிக்காவின் கழிமுகச் சேற்றில் புதைந்து வாழும், கண்ணாடி மாதிரி உடம்பு. வெட்டிய இடம் முதலில் சுருங்கி மூடிக்கொள்கிறது. பிறகு வெட்டு வாயருகே செல்கள் பெருகத் தொடங்குகின்றன. பெருகுவதை மருந்து கொடுத்துத் தடுத்தால் உறுப்பு வருவதில்லை. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முழு வாய், சுற்றிலும் விரல்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை அப்போதுதான் வெட்டு காய்ந்து நிற்கும்.

கண்ணாடிச் சாமந்தி என்று இன்னொரு வகை இருக்கிறது. நகர்ந்து போகும்போது பாதத்தின் துணுக்குகளைப் பாறையில் விட்டுக்கொண்டே போகும், ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழுச் சாமந்தியாகும். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. பிய்த்து எறியப் போனால் பத்தாகும்.

இந்தக் குலத்தின் அதிசயத்தை உலகத்துக்கு முதலில் காட்டியது கடல் சாமந்தி அல்ல, குளத்தில் வாழும் அதன் உறவுக்காரனான ஹைட்ரா. 1740-ல் நெதர்லாந்தின் ஹேக் நகருக்கருகே ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே, குளத்து நீரில் பச்சையாக எதையோ கண்டார். செடியா விலங்கா என்று சந்தேகம். வெட்டிப் பார்ப்போம், செடியென்றால் துளிர்க்கும், விலங்கென்றால் சாகும் என்று கணக்குப் போட்டார். துளிர்த்தது. ஆனால் அது நடக்கவும் செய்தது, இரை பிடித்துத் தின்னவும் செய்தது. வெட்டினால் துளிர்ப்பது செடிக்கே உரியது என்ற நம்பிக்கை அத்தோடு போயிற்று. டிரெம்ப்ளேயின் இடத்தில் ஒரு கவ்வாத்துக்காரர் இருந்திருந்தாலும் முதலில் கத்தியைத்தான் எடுத்திருப்பார் என்பது என் எண்ணம்.

சாமந்திக்கும் சாப்பாட்டுப் பிரச்சினை உண்டு. வாயை வெட்டியாயிற்று, எதைத் தின்னும்? உடம்பில் இருப்பதைக் கரைத்துத்தான் புது வாயைக் கட்டுகிறது. அதனால்தான் சிறு துண்டிலிருந்து வரும் சாமந்தி அளவில் சிறிதாக, ஆனால் அச்சில் வார்த்தது போல் முழுமையாக இருக்கும். வாய் திறந்த பிறகுதான் அது வளரும்.

தேயிலைக்கும் சாமந்திக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. தேயிலை இழந்த கிளையைத் திரும்பச் செய்வதில்லை. காத்திருந்த அரும்புகளை வேறு இடத்தில் புதுக் கிளையாக விடுகிறது. வெட்டுப்பட்ட முண்டு முண்டாகவே இருக்கும். சாமந்தியோ போனது எதுவோ அதையே, போன இடத்திலேயே செய்கிறது. அதற்கு எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் பாதம் என்று தெரிந்தாக வேண்டும். வெட்டிய துண்டுக்கு அதைச் சொல்வது 'விண்ட்' என்று அழைக்கப்படும் ஒரு புரதக் குடும்பம். அது ஓங்கி ஒலிக்கும் முனை வாயாகும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த விண்ட் திரும்பவும் வரும்.

அட்டைக்கு வராது

முளைப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கொழுந்துக்காரிகளின் காலில் ஏறும் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்புழுவுக்குத் தம்பி முறை. மண்புழு வாலறுந்தால் வால் வளர்த்துக்கொள்ளும். (இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது பொய், பெரும்பாலும் தலைப்பக்கம்தான் பிழைக்கும்.) அட்டைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே அதன் உடல் வளையங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஒன்று போனால் போனதுதான். ஆனால் வேடிக்கை பாருங்கள், அறுந்த நரம்பை அட்டை அழகாக இணைத்துக்கொள்ளும். அதற்காகவே நரம்பு ஆய்வாளர்கள் பல காலமாக மருத்துவ அட்டைகளை வளர்க்கிறார்கள். உப்புத்தூளோடும் சவர்க்காரத்தோடும் அட்டையை வரவேற்கும் நம் பெண்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்களோ.

பல்லியின் வாலும் முழு உண்மையல்ல. வாலெலும்புகளுக்குள்ளேயே உடைவதற்கென்று கோடு இருக்கிறது, அதில் உடைத்துவிட்டு ஓடும். திரும்ப வருவது வால் போலத் தோற்றம் காட்டும், உள்ளே முள்ளெலும்பு வரிசை இருக்காது, குருத்தெலும்புக் குழாய்தான். மலையில் தேயிலைத் தூர் மேல் தலையாட்டும் ஓணானுக்கு இந்தத் தந்திரமும் பொதுவாகக் கைவராது.

விரலுக்கு வருகிறேன். 1974-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் குழந்தைகள் மருத்துவரான சிந்தியா இல்லிங்வொர்த் ஒரு கட்டுரை எழுதினார். கதவிடுக்கில் நசுங்கி விரல் நுனி போன குழந்தைகளுக்குத் தையல் போடாமல், தோல் ஒட்டாமல், சுத்தம் செய்து கட்டு மட்டும் போட்டுவிட்டால் நுனி நகத்தோடு திரும்ப வளர்கிறது என்றார். ஒரு நிபந்தனை: வெட்டு மேல் கணுவுக்கு வெளியே இருக்க வேண்டும். எலிகளுக்கும் அப்படித்தான். 2013-ல் காரணம் தெளிவாகத் தெரிந்தது. நகம் முளைக்கும் அடிப்பகுதியில் மூல உயிரணுக்கள் இருக்கின்றன, அவை விண்ட் சமிக்ஞையை எழுப்புகின்றன, அது நரம்பை இழுத்து, எலும்பு நுனியைத் திரும்பக் கட்டச் சொல்கிறது. சாமந்திக்கு வாயின் திசை காட்டும் அதே குடும்பம். 2007-ல் நெமட்டோஸ்டெல்லாவின் மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் அது ஈயையும் புழுவையும்விட நம்மோடு எதிர்பாராத அளவு ஒத்துப்போவதைக் கண்டு வியந்தார்கள். கருவி நம்மிடமும் இருக்கிறது. எடுத்துப் பாவிக்கும் இடம்தான் நகத்தடியோடு நின்றுபோயிற்று.

நகத்தின் அடியைத் தமிழில் என்னவென்று சொல்வோம்? நகவேர். தாத்தாவின் கத்தி நகவேருக்கும் உள்ளே, கணுவிலேயே இறங்கியிருந்தது. அதுக்கு வேர் இல்லையே தம்பி.

மேடைக்கு வேண்டாம்

இந்த இடத்தில் மலையகத்து எழுத்தாளனுக்கு ஒரு சபலம் வரும். வெட்ட வெட்டத் துளிர்க்கும் தேயிலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும் எம்மக்கள். மே தினக் கூட்டங்களில் நானே கை தட்டியிருக்கிறேன். 1948-ல் குடியுரிமை பறிபோனது. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. தாத்தாவின் அண்ணன் குடும்பம் அந்தக் கணக்கில் நீலகிரிக்குப் போய், கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கத்தி பிடித்தது. அங்கே துளிர்த்தார்கள்தான், பேரப்பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் இங்கே அவர்கள் இருந்த காம்பராவில் அவர்கள் திரும்ப முளைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் அதன்பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. மனிதர்களைப் பொறுத்தவரை நாம் சாமந்தி வகையல்ல, விரல் வகை. அந்த உவமையை மேடையோடு விட்டுவிடுகிறேன்.

மேலும், தேயிலையே அப்படி வெட்ட வெட்டத் துளிர்த்துக்கொண்டே இருப்பதில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துராவில் முதல் 19 ஏக்கரை நட்டார். இரண்டு வருடத்தில் கோப்பித் துரு நோய் வந்து கோப்பியைச் சாய்க்கத் தொடங்கியதும் மலை மலையாக விதைத் தேயிலை ஏறியது. அந்தக் காலத்து விதைத் தேயிலையில் இன்றும் கொழுந்து பறிக்கிற மலைகள் உண்டு. இருபது தடவைக்கு மேல் மொட்டையடித்த உடம்புகள். ஒவ்வொரு வெட்டும் ஒரு வாசல். கத்தி மழுங்கிக் கிளை பிளந்தால், வெட்டு தட்டையாகி மழைநீர் தேங்கினால், அந்த வாசலால் பூஞ்சணம் நுழைந்து நடுமரத்தை உளுத்துப்போக வைக்கும். வெட்டு சரிவாக இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் விழ வேண்டும் என்று பழைய கவ்வாத்துக்காரர்கள் உயிரை விடுவது அதனால்தான். துளிர்க்கும் நேரத்தில் மழைமூட்டம் பிடித்தால் கொப்புள நோய் வேறு. 1946-ல் இலங்கைக்கு வந்த அந்தப் பூஞ்சணம் பிஞ்சு இலையைத்தான் தேடும், கவ்வாத்திலிருந்து எழும் மலை அதற்கு விருந்து.

இருப்பே இல்லாமல் வெட்டிய கதையும் உண்டு. 2021-ல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடையை விலக்கினாலும் உரம் வரவும் வாங்கவும் காலம் பிடித்தது. கவ்வாத்துச் சுற்று அதற்காக நிற்குமா? உரம் காணாத தூரை வெட்டுவதா, வெட்டாமல் மரமாக விடுவதா என்று ஒவ்வொரு தோட்டத்திலும் தடுமாறினார்கள். 2021-ல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022-ல் 25 கோடிப் பக்கம் இறங்கியது. வேரில் அயடின் விட்டுப் பார்த்தவர்களுக்கு அது முன்னமே தெரிந்திருக்கும்.

உளுத்த மலையைப் பிடுங்கிப் புதிதாக நடலாம். சொல்வது சுலபம். தூரைப் பிடுங்கிய நிலத்தில் உடனே தேயிலை வைக்கக் கூடாது, ஒன்றரை இரண்டு வருடம் கௌத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு மண்ணைத் தேற்ற வேண்டும். பிறகு கன்று, பிறகு கொழுந்துக்கு இன்னும் சில வருடம். அதுவரைக்கும் அந்த மலையில் வேலைக்குப் பேர் கிடையாது, வருமானம் கிடையாது. குத்தகைக்குத் தோட்டம் நடத்தும் கம்பனிக்கு அதில் ஆர்வம் குறைவது ஆச்சரியமில்லை.

புது நடவுக்கு வரும் விபி கன்றுதான் இந்தக் கதையில் கடல் சாமந்திக்கு உண்மையான சோடி. ஓர் இலை, அதன் கக்கத்தில் ஓர் அரும்பு, கீழே ஓரங்குலத் தண்டு, இவ்வளவுதான் துண்டு. பொலித்தீன் பையில் மண் நிரப்பிக் குத்தி, நிழல் கட்டி, ஈரம் காயாமல் பார்த்தால் வெட்டுவாயில் வெள்ளையாகத் தடிப்பு கட்டும். வேராக வேண்டும் என்று எழுதி வைக்கப்படாத தண்டுச் செல்கள் அங்கே வேராகின்றன. ஒரு தாய்ச் செடியின் ஆயிரம் இலைகள் ஆயிரம் செடிகளாகும். டீ.ஆர்.ஐ 2025 என்ற ரகம் நடப்பட்ட மலைகள் எல்லாம் கணக்குக்கு ஒரே செடி, கண்ணாடிச் சாமந்தி பாறையில் விட்டுப்போன துணுக்குகள் எல்லாம் ஒரே சாமந்தி என்பது போல. விளைச்சல் விதைத் தேயிலையைவிட அதிகம். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும் என்பதும் உண்டு.

வெட்டிய மிலாறு, அதாவது கிளைக்குச்சி, யாருக்கு என்பது இன்னொரு வழக்கு. மலையிலேயே கிடந்து மக்கினால் மண்ணுக்கு உரம் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். அது சரியான பேச்சு. காஸ் சிலிண்டர் விலையைப் பார்க்கும் லயத்து அடுப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து தலைச்சுமையாக மிலாறு இறங்கும் மாலைகளை நான் மறக்க முடியாது, பச்சை மரத்தின் துவர்ப்பு வாடை பிரட்டுக்களம் வரை வரும்.

அப்பாயி மிலாறைக் கோடிப்புறத்தில் இறவாணத்துக்குக் கீழே அடுக்குவார். ஒரு தடவை அடைமழைக் காலம், அடுக்கின் அடியில் ஈரத்தில் கிடந்த ஒரு குச்சியில் இரண்டு துளிர். வெள்ளையும் பச்சையும் கலந்த நிறம், நெல்மணி அளவு. நான் ஓடிப்போய்த் தாத்தாவிடம் காட்டினேன். அவர் அந்தக் குட்டை விரலால் துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குச்சிக்குள்ள இருக்கிற வரைக்கும் வரும்" என்றார். நான் அதை முற்றத்து மண்ணில் குத்தி வைத்தேன். நாலாம் நாள் வெயில் வந்தது, துளிர் கறுத்துச் சுருண்டது. மறுநாள் காலையில் அப்பாயி அதைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, முழங்காலில் வைத்து ஒடித்து, தேத்தண்ணிக்கு அடுப்பில் சொருகினார்.